மலையாண்டி பேர் இருந்தது

செல்லச்சாமிக்குத் தன் குலசாமி எதுவென்று தெரியாது. எழுபத்திரண்டில், ஏழு வயதில், அய்யா மலையாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இலங்கையிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். மண்டபம் முகாமில் பத்தாம் நாளே மலையாண்டி காய்ச்சலில் போய்விட்டார். உச்சிப்புளிப் பக்கம் ஆடு மேய்த்து, வயல் வேலை பார்த்து வளர்ந்து ஆளானார் செல்லச்சாமி.

மகன் வழிப் பேத்தி கவிப்ரியாவுக்கு மொட்டையெடுத்துக் காது குத்தும் பேச்சு வந்தபோதுதான் சம்பந்தி வீட்டார் கேட்டார்கள்: "உங்க குலசாமி எங்கன இருக்கு?"

அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மகனைப் பிடித்துக்கொண்டார். "ஏலே நாகேந்திரா, எங்க அய்யா ஊரு எதுன்னு பாத்துச் சொல்லுலே."

நாகேந்திரன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் தேடினான். மலையாண்டியின் பழைய பாஸ்போர்ட்டில் இலங்கைத் தோட்டத்தின் பேர் தெளிவாக இருந்தது. சொந்த ஊர் என்ற இடத்தில் 'ராம்நாடு' என்று மட்டும். அந்தக் காலத்து ராமநாதபுரம் ஜில்லா சிவகாசி வரைக்கும் கிடந்தது. முகாம் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் பேஸ்புக் வழியாக, அதே தோட்டத்தில் இருக்கும் சேதுலட்சுமி என்ற ஓய்வுபெற்ற டீச்சர் அகப்பட்டார். பழைய பதிவேட்டைப் பார்க்க அவர் மூன்று வாரம் அலைந்தார்.

நாகேந்திரன் தேவிபட்டினத்தில் சிமெண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"தம்பி, மலையாண்டி பேர் இருக்கு. ஊர் எழுதல." டீச்சர் அடுத்த வரிக்குப் போனார். "உங்க அப்பா அவர் பெத்த பிள்ளை இல்லையாம். எடுத்து வளர்த்த பிள்ளைன்னு எழுதியிருக்கு."

"பெத்தவுக பேரு?"

"இல்ல தம்பி. அந்த இடம் காலியா கெடக்கு."

வீட்டு வாசலிலேயே செல்லச்சாமி நின்றுகொண்டிருந்தார். "என்னலே சொன்னாக?"

"பதிவேட்டக் கரையான் அரிச்சிருச்சாம்யா."

செல்லச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "போகட்டும். ராமேஸ்வரத்துலயே மொட்டையடிச்சிருவோம். பத்திரிகையில எங்க அய்யா பேரப் பெருசாப் போட்டுரு. நாமெல்லாம் அவுக ரெத்தம்ல."

நாகேந்திரன் தலையை ஆட்டினான். மறுநாள் ராமநாதபுரத்து அச்சகத்தில் கேட்டார்கள், குழந்தைக்கு மலையாண்டி என்ன முறை என்று.

"கொள்ளுத்தாத்தா" என்றான்.

வெளியே வந்தபோது கைபேசி அடித்தது. சேதுலட்சுமி டீச்சர். அடித்து ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான், எடுக்கவில்லை.