மிக்சர் தட்டில் இறங்கிய மிக்

எட்டு வயதில் நான் ஒரு விமானப்படைக்குச் சொந்தக்காரனாக இருந்தேன். கொஞ்ச காலம்தான். ஆனால் அப்போது ஏறிய கர்வம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

படை உண்மையில் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. குமணன்சாவடியில் எங்கள் வீட்டிலேயே தங்கி ஐ.டி. கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சம்பளத்தில் பாதி கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குள் போர்விமானங்களாக நின்றது. எல்லாம் உலோகத்தில் வார்த்த, கையடக்கமான சின்ன உருவங்கள். அம்மாவின் பவுடர் பிரஷ்ஷைத் திருடித்தான் தூசி தட்டுவார். நான் பக்கத்தில் போய் மூச்சு விடக்கூடாது. "தள்ளி நில்லுடா, ஆவி படியுது" என்பார். பொம்மையை வாங்கிவிட்டு விளையாடாமல் இருக்கிற பெரிய மனிதரை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. அந்த வீட்டில் மூளை குறைவு எனக்குத்தான் என்று ஏற்கெனவே பேச்சு இருந்ததால் கேட்கவும் இல்லை.

அந்த அலமாரியால் ஒரு சம்பந்தம் கெட்டிருந்தது. முப்பது வயதில் பொம்மை வைத்திருக்கிற பையனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் அடுத்த பெண் வீட்டார் ஆவடியிலிருந்து வருகிறார்கள் என்றதும், அம்மா என் தலையை வாரிக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"யாரு கேட்டாலும் ஏரோப்ளேன் எல்லாம் என்னோடதுன்னு சொல்லு."

"பொய் சொன்னா கர்த்தர் அடிப்பாருன்னு நீதானே சொன்ன?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ சொல்லு."

அப்பா மாமாவின் தோளைத் தட்டினார். "வுடு மச்சான். கல்யாணம் ஆனா எப்படியும் எல்லாத்தையும் ஒப்படைக்கணும். இப்பவே பழகிக்கோ."

பெண்ணின் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் மூன்று வயதுப் பையன் என்று வந்தார்கள். பெண் வரவில்லை. அவளைப் பிறகு நாங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா ஜெபம் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். ஆபிரகாமில் ஆரம்பித்து, பூந்தமல்லி டிராஃபிக்கில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது வரை நன்றி சொல்லும் நீண்ட ஜெபம். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் அலமாரிக் கதவு திறந்திருக்கிறது. மாமாவின் உயிரான மிக் 21, மிக்சர் தட்டில் தரையிறங்கியிருக்கிறது. விமானி அந்த மூன்று வயது.

நான் வாங்கப் போனதும் வீலென்று அலறினான்.

"குழந்தைக்குக் குடுத்துடேன்டா" என்றாள் அம்மா. வேறென்ன சொல்வாள்? வந்த வீட்டுக் குழந்தை அழுதும் ஒரு பொம்மையைக் கொடுக்காத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மாமாவைப் பார்த்தேன். பல் சிரித்தது, கண் தட்டைவிட்டு நகரவில்லை.

"வெச்சிக்கோடா செல்லம்" என்றேன். அடுத்தவர் பொருளில் தருமம் செய்வது அவ்வளவு சுகம்.

அந்த வாரம் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. "இன்னாடா இது, ஊடு சாவு ஊடு மாதிரி கீது" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆவடிக்குப் போனோம். அந்தக் குட்டிப்பயலுக்கு அதற்குள் சலித்துவிட்டது போல. டீப்பாயின் மேல் மிக் நின்றிருந்தது, மிக்சர் துகள் ஒன்றில்லாமல் துடைத்து. பெண் காபித் தட்டை வைத்துவிட்டு, மாமாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது உன்னோடதாமே?"

"ஆமா."

"மூக்குல ஊசி மாதிரி நீட்டிக்கினு இருக்கே, அது எதுக்குடா?"

இந்தக் கேள்விக்கு அம்மா பாடம் நடத்தியிருக்கவில்லை. நானே சமாளித்தேன். "கொசு மாதிரிக்கா. எதிரி ப்ளேன்ல குத்தி பெட்ரோல உறிஞ்சிடும்."

மாமாவால் தாங்க முடியவில்லை. "டேய், காத்தோட அழுத்தத்த வெச்சு வேகம் பாக்குற குழாய்டா அது! அது உடைஞ்சுபோயி, குண்டூசிய வெட்டி, பெயிண்ட் அடிச்சு, கண்ணு நோக நான் ஒட்டி..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா அண்ணாந்து பார்த்தாள். கர்த்தரிடம் பேசிக்கொள்வதாகச் சொன்ன பேச்சை அப்போதுதான் ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

பெண் குனிந்து, ஊசியில் விரல் படாமல் மிக்கை எடுத்து என் கையில் வைத்தாள். "நானும் பாத்தேன், சின்னப் பையன் இவ்ளோ சுத்தமா ஒட்டியிருக்கானேன்னு. பத்திரமா வெச்சிரு. நான் வந்து பாப்பேன்."

அவள் அப்பா இருமினார். அவள் அம்மா காபியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

திரும்பும்போது ஆட்டோவில் மிக் என் மடியில் இருந்தது. மாமா அதைக் கேட்கவே இல்லை. ஊசியைத் தொட்டுப் பார்த்தேன். வாயால் ஊதிப் பார்த்தேன், நன்றாகவே ஆவி படிந்தது. அவரோ வெளியே போன தண்ணீர் லாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அப்பா அவர் தொடையில் ஓங்கி அறைந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பொய் பிடிபட்டுவிட்டது, யாருக்கும் அடி விழவில்லை. போதாததற்கு அந்த அக்கா, வந்து பார்ப்பேன் என்று எல்லோர் எதிரிலும் என்னை மிரட்டியிருக்கிறாள். இதில் இவர்களுக்கு என்ன சந்தோஷம்?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மிக்கை மடித்து வைத்திருந்த என் டிராயர்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வந்து பார்த்தால் கிடைக்கக்கூடாது.