சவூதிப் பிறையும் நம்மூர்ப் பிறையும்

பேரீச்சம்பழத்தின் சதை தீர்ந்த பிறகும் கொட்டையைத் துப்பாமல் வாயிலேயே அடக்கி வைத்திருந்தால், அதன் நடுப்பிளவில் இன்னும் கொஞ்சம் இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது ஒன்பது வயதில், கோட்டைப்பட்டினத்து வீட்டின் உள்ளறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முப்பதாம் நோன்பன்று நட்டநடுப் பகலில்.

அத்தா, அதாவது என் அப்பா, அப்போது சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் அவரைவிட அவர் அனுப்பும் பெட்டிகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ரமலான் மாதத்தில் மட்டும் அவர் பக்கத்திலேயே இருப்பதுபோல் ஒரு நினைப்பு. என் தொண்டை காயும்போதெல்லாம் அங்கே அவருக்கும் காயும் என்று எண்ணிக்கொள்வேன். மற்ற பிள்ளைகள் "அரை நோன்பு" பிடித்துவிட்டே பெருமையடித்துக்கொண்டிருந்த வயதில், முப்பதையும் பிடிக்கிறேன் என்று நான் அத்தாவுக்கு வாக்குக் கொடுத்ததற்குப் பக்தி காரணமல்ல, ஏக்கம்தான். தொழுவதை நாலு பேர் பார்ப்பார்கள், நோன்பை அல்லாஹ் ஒருவன்தான் பார்ப்பான் என்று அம்மா அடிக்கடி சொல்வார். யாரும் பார்க்காத ஒன்றை நானும் அத்தாவும் சேர்ந்து செய்கிறோம் என்று அதற்கு நானாக ஒரு பொருள் வைத்திருந்தேன்.

ஒரே சிக்கல் பிறைதான். அங்கே ஒரு நாள் முந்தித் தெரிந்துவிடும். ஏதோ அந்த ஊருக்கென்று தனியாக ஒரு நிலா இருப்பதுபோல, எங்கள் தெருவில் அதைச் "சவூதிப் பிறை" என்பார்கள். அந்த வருடம் எங்களுக்கு முப்பதாம் நோன்பு, அவருக்குப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டார்.

"இன்னக்கி ஒண்ணுதாம்மா மிச்சம், புடிச்சிருவேல்ல?"

பிடித்துவிடுவேன் என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம். பெருநாளன்று நோன்பு வைப்பது ஹராம் என்று ஓதுகிற பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அத்தாவுக்குப் பெருநாள் என்றால் அவர் மகளுக்கு மட்டும் எப்படி நோன்பாகும்? அவர் அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைக்க அழுகையாக வந்தது. பசியும் இந்தத் தீர்ப்புக்குக் கொஞ்சம் கை கொடுத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் அனுப்பிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் அனுப்பிய பேரீச்சம்பழத்தில் மூன்றைத் தின்றேன். அவ்வளவு தனியாக ஒரு பெருநாளை நான் அதற்குப் பிறகு கொண்டாடியதில்லை.

பொழுது சாய்ந்து, மக்ரிபு பாங்கு சொல்லி நோன்பு திறக்கும் நேரத்தில் நோன்புக் கஞ்சிக்கு முன்னால் எல்லோரையும்போல நானும் கையேந்தினேன். "எம்புள்ள முப்பதும் புடிச்சிருச்சு" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தார்.

பல வருடம் கழித்து அத்தா ஊரோடு வந்துவிட்டார். ஒரு நாள் நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்.

"நீ மொத மொத முப்பதும் புடிச்ச வருசம், பெருநாளைக்குக் கூட இருந்தவங்க பிரியாணி ஆக்கியிருந்தாங்க. எனக்கு எறங்கலம்மா. இங்கிட்டு நீ நோன்போட இருக்க, அங்கிட்டு நான் எப்புடித் திங்கிறது? பெருநாளும் அதுவுமா நோன்பு கூடாதேன்னு ஒரு டீய மட்டும் குடிச்சுட்டு, ஒங்களுக்குப் பாங்கு சொல்ற நேரம் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன். அங்க அப்ப மணி நாலு."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். அத்தா பேரீச்சம்பழத் தட்டை முதலில் என் பக்கம் தள்ளினார். அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருடமாகிறது.

அந்த வயதில் நோன்பு கடமையே இல்லை, திருப்பிப் பிடிக்க வேண்டியதுமில்லை என்கிறார்கள். இருந்தாலும் பெருநாள் கழிந்து, ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு நாளில் நான் மட்டும் ஒன்றைப் பிடித்துவிடுகிறேன். மனது ஆறுவதில்லை.

இப்போது சவூதிப் பிறை கண்ணிமைக்கும் நேரத்தில் போனுக்கு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இந்த வருடம் அங்கே பெருநாளன்று, அதே தம்மாமில் வேலைக்குப் போயிருக்கும் என் மகன் வீடியோவில் பிரியாணித் தட்டைக் காட்டி, "சாப்ட்டாச்சும்மா" என்றான். நல்லாச் சாப்பிடு என்றேன், மனதாரத்தான் சொன்னேன். நான் இப்போது இருக்கும் புதுக்கோட்டையில் எனக்கு அன்று முப்பதாம் நோன்பு. சாயங்காலம் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே மணி நாலு இருக்கும். எனக்காகப் பசியோடு உட்கார்ந்திருக்க அங்கே யாருமில்லை.