நிமிர்ந்தபோது தெறித்த பட்டன்

1. டீயில் விழுந்தது

முதல் டிரையலில் வித்யாவின் பஞ்சாபியிலிருந்து ஒரு பட்டன் தெறித்து, நேராகப் போய் ஹாரூன் மாஸ்டரின் டீ கிளாஸில் விழுந்தது. துர்கா பூஜை நெருங்கிவிட்ட நேரம். கடை முழுக்கத் தைத்ததும் தைக்காததுமாய் ப்ளவுஸ் குவியல். மாஸ்டர் கிளாஸையே வெறித்துப் பார்த்தார். வித்யா அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது எனக்குப் பிறவி வியாதி.

என் பெயர் கோமதி. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். அப்பா கிடர்பூர் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே தையலில் இறங்கியவள். ஹாரூன் பாய் எங்கள் கட்டிங் மாஸ்டர். ஆண்கள் போடும் குர்தாவுக்கு இங்கே பஞ்சாபி என்று பெயர். அதை வெட்டி வெட்டிப் பழகிய கை அவருடையது. மாஸ்டருக்குத் தமிழ் வராது. அவர் வங்காளமும் இந்தியும் கலந்து திட்டியதை எல்லாம் நான்தான் இங்கே தமிழில் போடுகிறேன்.

2. ஆர்டர் வந்த கதை

வித்யா பெஹாலாவில் வளர்ந்த தமிழ்ப் பெண், பேங்கில் வேலை. கடைக்குள் வந்ததும், அக்காவை இங்கே கூப்பிடுகிற மாதிரி, "தீதி, எனக்கு ஒரு பஞ்சாபி தைக்கணும். அஷ்டமி அஞ்சலிக்கு. வேட்டி ஏற்கெனவே வாங்கிட்டேன்" என்றாள். பிறகு கூட வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற வேகத்தில், "இது ரூமா. என் கேர்ள்ஃப்ரெண்ட்" என்றாள்.

நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"சரி. அவங்களுக்கும் பஞ்சாபியா, ப்ளவுஸா? ப்ளவுஸ்னா இன்னைக்கே துணியக் குடுத்துடணும். கடைசி நேரத்துல வந்து என்கிட்ட கத்தக் கூடாது."

ரூமா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காபிப்பொடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அஷ்டமி காலையில் ஊரே புதுத்துணி உடுத்தி, கையில் பூவோடு பந்தலில் நின்று அஞ்சலி செலுத்தும். காலேஜ் முடித்த பிறகு வித்யா அங்கே போய் நின்றதே இல்லையாம்.

"புடவை கட்டினா நான் வேற யாரோ மாதிரி இருக்கேன் தீதி. ரெடிமேட் பஞ்சாபி போட்டா மூட்டை மாதிரி இருக்கேன். மாரையும் இடுப்பையும் கழட்டியா வைக்க முடியும்? அதான் பூஜை வந்தா போர்வைய இழுத்துப் போத்திட்டுப் படுத்துடறது."

"இந்த வருஷம் என் பக்கத்துல நிக்கறேன்னு வாக்கு குடுத்திருக்கா" என்று ரூமா வங்காளத்தில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பல வருஷமாகத் தனியாகவே போய் நின்றவளின் ஏக்கம் அதில் இருந்தது.

அளவெடுக்கும்போது சாதாரணமாக எல்லாப் பெண்களும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். வித்யா தோளிரண்டையும் முன்னால் குறுக்கி, மார்பை ஒளித்துவைத்துக்கொண்டு நின்றாள். அவள் நிற்பதே அப்படித்தான் போல என்று நினைத்து, அந்தக் குறுகலுக்கே டேப்பைப் பிடித்தேன்.

3. உடம்பு தப்பா?

டிரையலன்று குறுகி நின்றவரைக்கும் பஞ்சாபி கச்சிதமாக இருந்தது. ரூமா அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஐயோ, இந்த மாப்பிள்ளைக்கு இன்னும் பொண்ணு அமையலையா?" என்று கேட்டாள். வித்யா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் நிமிர்ந்தாள். பட்டன் பறந்தது.

"விடுங்க தீதி. உங்க தையல்ல ஒண்ணும் தப்பில்ல. என் உடம்புதான் தப்பு. நான் போகல."

என் சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், ஸ்பூனால் டீயைத் துழாவிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார்.

"தப்பான உடம்பா? எல்லாரும் கடை பொம்மை மாதிரியே இருந்தா, எனக்கு எதுக்கு இந்தக் கத்திரி? சிங்காரா சமோசா போட்டு வித்துப் பிழைச்சுக்குவேனே! நீ குனிஞ்சு நின்னே. கோமதி குனிஞ்ச ஆளுக்கு அளவு சொன்னா. நான் குனிஞ்ச ஆளுக்கு வெட்டினேன். இப்ப நிமிர்ந்த ஆளுக்கு வெட்டணும். இவ்வளவுதான் விஷயம்."

நிமிரச் சொன்னால் யார் நிமிர்கிறார்கள்? டேப்பைக் கண்டதுமே வித்யாவின் தோள் பழையபடி சுருண்டுகொண்டது. நல்லவேளை, தெருமுனைப் பந்தலில் அந்த நேரம் பார்த்து டாக் மேளக்காரர்கள் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அடி காதில் விழுந்தால் கொல்கத்தாவில் ஆடாத கால் கிடையாது. ரூமா என் மேஜையிலிருந்த ஊசி டப்பாவை, பூஜையில் ஏந்தி ஆடும் தூபச்சட்டி மாதிரி ஏந்திக்கொண்டு ஆடத் தொடங்கினாள். வித்யாவையும் இழுத்தாள். அவள் முதலில் வெட்கப்பட்டாள். அப்புறம் பாருங்கள், இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், அப்படி ஒரு ஆட்டம்! நான் டேப்போடு அவள் பின்னாலேயே ஓடினேன். எட்டியபோதெல்லாம் அளவைக் கத்தினேன். "சரியா சொல்லு, சரியா சொல்லு" என்று மாஸ்டர் பதிலுக்குக் கத்தினார். காபிப்பொடிக் கடைக்காரர் இந்தத் தடவை உள்ளேயே வந்துவிட்டார்.

தோளும் காலரும் மாஸ்டர் பாணியில் வெட்டினோம். மார்புக்கு வேண்டிய இடத்தை நான் ப்ளவுஸுக்குப் பிடிக்கிற டார்ட் மடிப்பால் பக்கத் தையலுக்குள் வாங்கிக்கொண்டோம். இடுப்புக்குக் கலி வைத்தோம். பக்கவாட்டில் கொடுக்கிற முக்கோணத் துண்டு அது. இதெல்லாம் சண்டை போடாமல் நடந்தது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

4. அஷ்டமி

அன்று காலை பந்தலுக்கு நானும் போனேன். ரூமா சிவப்புக் கரைப் புடவையில் வந்தாள். பக்கத்தில் வெள்ளை வேட்டியும் மஞ்சள் பஞ்சாபியுமாக வித்யா. மார்பும் இடுப்பும் இருக்கிற இடத்தில் இருந்தன, ஆள் ஜம்மென்று இருந்தாள். இருவரும் தோளோடு தோள் உரச நின்று மந்திரம் சொல்லிப் பூப்போட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முடிந்து வெளியே வந்ததும் ரூமா என்னிடம் புகார் வாசித்தாள். "லேட்டானதுக்கு இவதான் காரணம், தீதி. முன்னாடியெல்லாம் கண்ணாடி பக்கமே வரமாட்டா. இன்னைக்கு எனக்குப் பொட்டு வெக்கக்கூட இடம் விடல."

"நல்லா இருந்தேன், பாத்தேன்" என்றாள் வித்யா.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வருகிறவர் நிமிராமல் டேப்பைத் தொடாதீர்கள். அதற்காக நடுக்கடையில் ஆட வேண்டி வந்தால், ஆடிவிடுங்கள்.