சரிவில் நின்ற ஃபிரிட்ஜ்

எங்கள் ஃபிரிட்ஜ் குளிர வேண்டுமென்றால் அதற்குத் தீ மூட்ட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடியில் உள்ள குமிழை அழுத்திப் பிடித்துப் பற்றவைத்து, நீலச் சுடர் நிலைத்து எரிகிறதா என்று துளை வழியே பார்த்த பிறகுதான் மேலே பால் குளிரும். மின்சாரம் இல்லாத இடங்களில் நிறுத்துகிற வீட்டு வேன்களுக்கென்றே செய்த கேஸ் ஃபிரிட்ஜ் இது. இதை ஊட்டிப் பக்கம் மஞ்சூரில் இருக்கும் அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன்.

"ஏன் புள்ள, நெருப்பு வெச்சா குளிருமா? நல்லாப் பாத்துதான் வாங்குனியா?" என்றார்.

எனக்கும் புரியவில்லை. படித்தவள் என்ற தைரியத்தில், "அதெல்லாம் சயின்ஸுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் செல்வி அக்காவும் நானும் பழம் பறிக்கிறோம். தங்குவது இந்தப் பழைய வேனில். அக்கா தஞ்சாவூர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சர்க்கரைக்காரர். தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். டவுனுக்குப் போய் வாங்கிவரும் இன்சுலின் குப்பிகளைக் கெடாமல் வைத்திருப்பது அந்த ஃபிரிட்ஜின் பொறுப்பு. ஃபிரிட்ஜ் என் பொறுப்பு. அதன் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். சாமான் வைப்பதற்கு முந்தைய நாளே பற்றவைத்துக் குளிரவிட்டேன். சாமான்களுக்கு நடுவே காற்று போக இடம்விட்டு அடுக்கினேன். வேனின் வெளிப்பக்கத்தில் ஃபிரிட்ஜுக்கென்று இருக்கும் காற்றுத் துளைகளில் சிலந்தி வலை சேராமல் துடைத்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் நாற்பதைத் தாண்டிய வாரத்தில், தோட்டத்தின் மேல்கோடியில் யூகலிப்டஸ் மரங்களின் நிழலைப் பார்த்ததும் வேனை அங்கே ஏற்றி நிறுத்தினேன். அந்த வாசனைக்கே எனக்கு ஊட்டி வந்துவிட்டது. மறுநாள் பால் திரிந்தது. குமிழைக் கூட்டினேன். சுடர் நன்றாகவே எரிந்தது. அதற்கடுத்த நாள் வெண்ணெய் உருகி வழிந்தது. அக்கா காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கும் தலை சுத்துதுடி" என்றார். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்து பிஸ்கட்டை நீட்டினேன். "இரு, மொதல்ல பாக்கறேன்" என்று அக்கா விரலில் குத்திப் பார்த்தார். மீட்டரில் சர்க்கரை ஏறியிருந்தது. முந்தைய நாள் ஊசி போட்டும் ஏறியிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையைவிடச் சூடாக இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றபோது மேற்பார்வையாளர் கெவின் வந்தார். விஷயத்தைக் கேட்டார். வாளியில் கிடந்த ஓர் ஆப்பிளை எடுத்து வேனின் தரையில் வைத்தார். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. என்னைப் பார்த்தார். திருடினாயா என்று கேட்கிறார் என்றே எனக்குப் பட்டது.

"கீழே விழுந்த பழம், நான் பறித்ததல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வைத்தார். மறுபடியும் உருண்டது. பழம் உருண்டையாக இருந்தால் உருளத்தானே செய்யும்? அதில் இவருக்கு என்ன ஆச்சரியம் என்று எனக்குக் குழப்பம்.

அந்தக் குழப்பத்தை எழுதினால் ஊரில் இருப்பவர்களுக்காவது புரியும். மஞ்சூரில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டில் எதைக் கீழே வைத்தாலும் அது கதவைப் பார்த்துப் போகும். குடத்துக்குச் சும்மாடு, கட்டிலின் இரண்டு காலுக்குக் கல், அடுப்புக்கு ஒரு பக்கம் மண். மலை வளைவுகளில் எமரால்டுக்குப் போகும் பஸ்ஸில் நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுவதென்று யாரும் சொல்லித்தருவதில்லை. இலங்கையில் மலையைவிட்டு வந்த தாத்தா மஞ்சூர் மலையில்தான் இறங்கினார்; மூன்று தலைமுறையாக எங்கள் யாருக்கும் மட்டமான தரை வாய்த்ததில்லை. தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரியில் இலை எடுக்காமல் திருப்பி அனுப்பி, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றானபோது முதன்முறையாகச் சமவெளிக்கு இறங்கியவள் நான். ஆனால் என் கால்கள் இறங்கவில்லை போலிருக்கிறது. வேன் சாய்ந்து நிற்பது எனக்குத் தெரியவே இல்லை.

கெவின் ஒரு குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினார். இந்த ஃபிரிட்ஜுக்குள் மோட்டார் கிடையாது. சுடர் சூடாக்குகிற திரவம் ஆவியாகி, குளிர்ந்து, தானாகவே குழாயில் வழிந்து திரும்பி வர வேண்டும். வேன் சாய்ந்தால் அது வழியில் எங்கோ தேங்கிவிடும். சுடர் எரியும், குளிர் வராது. சுடரை அணைத்துவிட்டு, வேனை இறக்கி, சக்கரத்துக்குப் பலகை கொடுத்து, தரையில் ரசமட்டம் வைத்தோம். கொத்தனார் வைக்கிற அதே ரசமட்டம். குமிழி நடுவில் வந்ததும் அவர் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கோ வேன் மறுபக்கம் கவிழ்ந்துவிட்டது போலிருந்தது.

"எல்லாருக்கும் தெரிஞ்சுதே, ஒனக்குத் தெரியலையா?" அக்கா கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லக்கூடாதுங்களா அக்கா?"

"தலை சுத்துதுன்னு மூணு நாளா வேற என்னத்தடி சொன்னேன்! வண்டி ஓட்டுறவ நீ, ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒங்கூருல எல்லாரும் மலையாடு மாதிரியேதான் நிப்பீங்களா?"

சிரிக்க முடியவில்லை. கெவினின் காரில் அக்காவை டவுனுக்குக் கூட்டிப்போனோம். சூடான குப்பிகளை ஒதுக்கிவிட்டு, நர்ஸ் புதியவற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். தலை சுற்றியது சர்க்கரையாலா சரிவாலா என்று கேட்டதற்கு, இரண்டும் இருக்கலாம் என்றார். இரண்டு நாளில் மீட்டர் இறங்கியது. ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். வேனை நகர்த்தினால் குமிழியைப் பார்த்த பிறகுதான் சுடர்.

எல்லாம் சரியானது. எனக்குத்தான் தூக்கம் போனது. வேலை முடிந்து மதியம் படுத்தால் உடம்பு எங்கோ வழுக்குகிறது. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று பிடிபடவில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தலைப்பக்கமாக ஒரு துண்டுப் பலகையைச் செருகினேன். எதிர்க் கட்டிலில் அக்கா மட்டமாகப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா?" என்றார்.

"இன்னும் ஒரு விரக்கடை தூக்கணுமுங்க" என்றேன். எழுந்து வந்து பலகையைத் தள்ளிக் கொடுத்தார். குப்பிகள் குளிரில், மட்டத்தில் நின்றன. நான் சரிவில் தூங்கினேன்.