ஜன்னலைச் சாத்தியவள்

எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தபோது, அதை மாட்டிக் கொடுக்க ஒரு பெண்ணும் வந்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி அது. நான் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசுவேன் என்பதால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேலை முடியற வரைக்கும் அந்தம்மா கூடவே இருங்க" என்று சொல்லிவிட்டார். நாலு மாதம் ஒன்றாகவே இருந்தோம்.

அவளுக்கும் என் வயதுதான், முப்பத்தாறு. எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. ஒரே ஆள் பல வருஷமாக ஆண்டுகொண்டிருக்கிற நாடு என்பது போதும். அவள் வருவதற்கு முன்னால் அந்த நாட்டைப் பற்றி டிவியில் பார்த்த நாலு வரிச் செய்தியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது போன் விஷயம். மெஷினைப் பற்றிப் பேசும்போது போன் மேஜைமேல் இருக்கும். சொந்தக் கதை ஏதாவது கேட்டால் உடனே எழுந்து, போனைத் துண்டில் சுற்றி, கைப்பையில் போட்டு, பையைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வருவாள். அதற்கப்புறம்தான் பதில். ரிங் சத்தம் பிடிக்காது போலிருக்கிறது என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேவிட்டேன்.

"சத்தத்துக்கு இல்லை. அது கேட்கும்" என்றாள்.

"இவ்வளவு தூரத்திலா?"

"தூரத்தில் இருக்கிறவர்களைத்தான் அதிகமாகக் கேட்பார்கள்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவள் இருந்த நாட்களில் இங்கே தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்ட மறுநாள் என் விரலைப் பிடித்து மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

"பயமா?"

"பயம் எதுக்கு? என் இஷ்டம். சொல்லணும்னு தோணல, சொல்லல."

அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் ஊரில் ஓட்டுச் சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்குமாம். சீட்டை வாங்கி அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். அந்தப் பெயர் வேண்டாமென்று அடிக்கவேண்டுமென்றால் மூலையில் திரை போட்ட இடம் ஒன்று உண்டு, அங்கே போய் அடிக்கலாம். "சட்டம் அப்படித்தான் சொல்கிறது. திரைக்குப் பின்னால் போகிறவர்களை ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்வார்" என்றாள். அவள் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் அவளை ஆரம்பாக்கத்துக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். இறால் தொக்கும் நண்டுக் குழம்பும் செய்திருந்தேன். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் வயல் வேலை, பிறகு இரும்பு உருக்கும் கம்பெனியில் முப்பது வருஷம். அந்த இரைச்சலில் பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. எங்கள் தெருவில் ரோட்டைத் தோண்டிப் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. சோற்றில் கை வைத்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஓட்டு கேக்க மட்டும் ஊடு ஊடா வந்துகினு இருந்தானுங்க. இப்ப ஒருத்தனும் இந்தப் பக்கம் தல காட்டல. இவனுங்களால பேஜாருமா எனக்கு!"

கவுன்சிலரில் தொடங்கி எம்.எல்.ஏ., மந்திரி, சென்னை, டெல்லி என்று ஒருவரையும் விடவில்லை. பெயர் சொல்லித்தான் திட்டினார். தெருவில் போகிற இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். தமிழ் புரியாவிட்டாலும் தலைவர்களின் பெயர்கள் அவளுக்குப் புரிந்திருக்கின்றன. முகம் வெளுத்துப்போய், எச்சில் கையோடு எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நைனா அண்ணாந்து பார்த்தார். "இன்னாமா, காத்து வராம எதுக்கு சாத்தற?"

நான் அவளிடம் விஷயத்தைக் கேட்டு அவருக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "யாரும் புடிச்சிகினு போமாட்டாங்க, நீ துன்னுமா" என்று இன்னும் இரண்டு இறாலை அவள் தட்டில் வைத்தார். அவளும் சிரித்தாள், ஆனால் ஜன்னலைத் திறக்க எழுந்திருக்கவில்லை. நானும் ஏனோ திறக்கவில்லை. வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டோம்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் வரை சும்மா ஒரு நடை போனபோது அவளே பேசினாள். போனை எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருந்தாள், திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று. ரயிலுக்கு நேரம் இருந்தது. "உன் அப்பா என்ன நினைக்கிறார் என்று தெரு முழுக்கத் தெரிகிறது" என்றாள். அவர்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் முக்கியமாக ஏதாவது பேசவேண்டுமென்றால் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவார்களாம். அவர்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கிறவர் மாடிக்கு ஒருவர் உண்டு, அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரையும் அவராகவே நினைத்துப் பழகிவிட்டார்கள்.

"எங்கள் தலைவரைப் பற்றி என் அப்பா என்ன நினைக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது" என்றாள்.

"கேட்டதே இல்லையா?"

"கேட்டால், என் மகள் ஏன் இதைக் கேட்கிறாள் என்று அவர் யோசிப்பார். அந்த யோசனையை அவருக்கு நான் எப்படிக் கொடுப்பேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். "உங்கள் கேன்டீனில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். சூப்பர்வைசர் உள்ளே வந்ததும் எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். அந்தக் குனிகிற விதம் எனக்கு நன்றாகத் தெரியும்" என்றாள். இத்தனை வருஷமாக அந்தக் கேன்டீனில் சாப்பிடுகிறேன், நான் அதைப் பார்த்ததே இல்லை.

வேலை முடிந்து அவள் ஊர் திரும்பினாள். அப்புறம் மாதத்துக்கு இரண்டு மூன்று மெசேஜ் வரும். பனி பெய்கிறது, மெஷின் எப்படி இருக்கிறது, நைனா எப்படி இருக்கிறார், இவ்வளவுதான். நானும் அந்த அளவோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து அவர்கள் நாட்டில் தேர்தல் நடந்து, அதே ஆள் ஜெயித்ததாக டிவியில் சொன்னார்கள். கிட்டத்தட்ட எல்லா ஓட்டும் அவருக்கே. எனக்குச் சிரிப்பு வந்தது. ரயிலில் நின்றுகொண்டே தட்டினேன்: "உங்கள் ஆள் மறுபடி ஜெயித்துவிட்டாராமே! எதிர்த்து நின்றது யார், அந்தத் திரையா?" கூடவே சிரிக்கிற பொம்மை மூன்று.

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. போன் கேட்கும் என்று அவள் சொன்னதை நான் கதை கேட்பதுபோலத்தான் கேட்டிருக்கிறேன். அவசரமாக அழித்தேன். படித்ததை அழித்து என்ன பயன்?

மூன்றாம் நாள் பதில் வந்தது. "எங்கள் தலைவரின் வெற்றியில் நாட்டு மக்கள் அனைவரும் மகிழ்ச்சி அடைகிறார்கள். உங்கள் வாழ்த்துக்கு நன்றி." அவள் இங்கிலீஷும் என்னுடையது போலத்தான், பாதி வார்த்தை விட்டுப்போகும். இதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் படம் மறைந்தது. பிறகு அந்த நம்பருக்கு எதுவும் போகவில்லை.

நைனாவிடம் சொன்னேன். நான் காட்டிய போனை வாங்கி, தெரியாத பாஷையானாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு மெசேஜுக்காமா?" என்று கேட்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அவளை என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யாரிடம் விசாரிப்பது? விசாரித்தால் அதுவும் அவள் கணக்கில்தானே சேரும்?

மறு வருஷம் மெஷினைச் சரிபார்க்க அவள் நாட்டிலிருந்து, அவளை அனுப்பிய அதே நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அப்படி யாரும் எங்களிடம் இல்லை" என்றார்.

மெஷினின் பக்கவாட்டுத் தகட்டில் 'பொருத்தியவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருந்தது. அதைக் காட்டினேன். குனிந்து படித்துவிட்டு, "ஏதோ தவறு" என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற மாதிரிதான் அவர் குனிந்திருந்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று, கம்ப்ரசரைப் பார்க்கவேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாத இரைச்சல் அங்கே. என் காதருகே வந்து சொன்னார்: "உயிரோடு இருக்கிறாள். தூரத்து ஊரில் வேறு வேலை. தயவுசெய்து எழுதாதீர்கள்."

திரும்பி நடந்துவிட்டார். கார் ஏறும்போது மேனேஜருக்குக் கொடுத்த அதே அளவு புன்னகையை எனக்கும் கொடுத்தார்.

அவர் சொன்னது உண்மையா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று இன்னும் தெரியவில்லை. நம்புவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஒன்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கிறது. என்னை முன்பின் தெரியாது அவருக்கு, ஆனாலும் அவ்வளவு துணிந்து சொன்னாரே, அவருக்கும் அவளுக்கும் என்ன பழக்கம்? கேட்டிருக்கலாம். நல்லவேளை கேட்கவில்லை.