வீட்டில் செய்தீர்களா?

பிசியோதெரபி வேலை என்பது பாதி நேரம் தசையோடு மல்லுக்கட்டுவது, மீதி நேரம் அந்தத் தசையின் சொந்தக்காரரோடு. வீட்டில் அப்பாவையோ மாமியாரையோ பயிற்சி செய்யச் சொல்லித் தொண்டை வறண்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

தைலம் போதும்

மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் கிளினிக்குக்குச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து அண்ணன் ஒருவர் வந்தார். குலை வெட்டி வெட்டித் தோள் பிடித்துக்கொண்டது. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் கையை மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று ஜோடியாக இருக்கின்றன. உங்களுக்கு முன்பக்கம் இறுகி, பின்பக்கம் சோர்ந்துவிட்டது, அதற்கு வலுவேற்ற வேண்டும் என்று படம் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டவர், சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார்.

"எல்லாம் சரி மிஸ், அந்த இழுக்கறத கொஞ்சம் தைலம் போட்டு உருவி விடுங்க லா."

நாடா

முட்டி ஆபரேஷன் முடிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தினமும் மூன்று வேளை பயிற்சி செய்ததாகச் சாதித்தார். முட்டிக்கு மேலே ஒரு சாண் தள்ளி அளவு நாடாவைச் சுற்றினேன். போன மாதத்தைவிடத் தொடை மெலிந்திருந்தது. வேலை கொடுக்காவிட்டால் தசைகள் இளைத்துத்தான் போகும் சார் என்றேன். அவரிடம் துளிக் கூச்சமில்லை.

"நாடா இழுத்து இழுத்து நீண்டுபோச்சும்மா, வேற வாங்குங்க."

என் முறை

என் மகளுக்கு எட்டு மாதம். இன்னும் உட்காரவில்லை. தூக்கினால் கைக்குள்ளிருந்து நழுவுகிறாள். தசை தளர்வாக இருக்கிறது, காரணம் சோதனை முடிவு வந்தால்தான் தெரியும் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். அதுவரை தினமும் குப்புறப் போட்டுக் கழுத்துக்கும் முதுகுக்கும் வேலை கொடுக்க வேண்டும். இதையே எத்தனை தாய்மாருக்கு நான் சொல்லியிருக்கிறேன்! ஆனால் இவள் வீறிட்டதும் தூக்கிவிடுகிறேன். ஆடுகிற அந்தத் தலையைப் பார்த்தால், நிமிராமலே போய்விடுமோ என்றுதான் தோன்றுகிறது.

நேற்று அந்த ஆஸ்பத்திரியின் பிசியோ அக்கா, "வீட்டுல செஞ்சீங்களா?" என்றார். பொய் பாவம் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் பதினோரு வருடம் பழக்கிய என் நாக்கு, "தினமும் மூணு வேளை" என்றது. அக்கா அவளைக் குப்புறப் போட்டார். தலை இரண்டு விநாடி எழும்பிச் சரிந்தது. நாடாவுக்கே அவசியமில்லை.

"அழட்டுமே மா, அழறப்பவும் அவ தலையத் தூக்கத்தான் பாக்கறா, நீங்கதான் விடமாட்டேங்கறீங்க."

இன்று மூன்று வேளையும் அவளைக் குப்புறப் போட்டேன், மூன்று வேளையும் இருவருமே அழுதோம். அந்தத் தலைமையாசிரியரிடம் மட்டும் என் 'தினமும் மூணு வேளை' கதையைச் சொல்லிவிடாதீர்கள்.