எல்லாவற்றுக்கும் ஒன்று, ஊருக்கு ஐந்து

சர்வே வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "மேடம், நீங்க பார்த்ததுலயே கஷ்டமான ப்ராஜெக்ட் எது?" சோப்பு சர்வே, தலைவலி மாத்திரை சர்வே, டிவி சீரியல் சர்வே எல்லாம் பார்த்துவிட்டேன். என்னைப் படாத பாடு படுத்தியது, "வாழ்வதற்கு நல்ல ஊர் எது" என்று கேட்ட சர்வேதான். அதைக் கொல்கத்தாக்காரர்களிடம் போய்க் கேட்கலாமா? மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்து இங்கேயே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

1. சென்னையிலிருந்து வந்த போன்

ஃபீல்டு வேலையில் க்யூசி என்று ஒரு பிரிவு உண்டு. நாங்கள் எடுத்து அனுப்பும் பேட்டிகள் நிஜமா, வீட்டில் உட்கார்ந்து டேப்லெட்டில் டிக் அடித்ததா என்று சோதிப்பவர்கள். எங்கள் ஹெட் ஆபீஸில் அதைப் பார்த்துக்கொண்டவர் சேகர். ஒருநாள் காலை கொல்கத்தாவில் எங்கள் அலிப்பூர் ஆபீஸில் நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அவர் போன் வந்துவிட்டது.

"மேடம், உங்க டீம்ல ஷம்பான்னு ஒரு பொண்ணு. அவங்க பேட்டி எல்லாமே ஃப்ராடு மாதிரி இருக்கு."

"என்ன சார், காலங்காத்தால இப்படிச் சொல்றீங்க?"

"ஒரு ஆளைத் தனியா உக்கார வெச்சுத்தானே கேக்கணும்? இவங்க ரெக்கார்டிங்கைக் கேட்டா சந்தைக்கடை மாதிரி இருக்கு. அதைவிடுங்க. ரோடுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, சாக்கடைக்கு ஒண்ணுன்னு அஞ்சுக்கு ஒண்ணா மார்க் போட்டுட்டு, கடைசில 'மொத்தத்தில் உங்க ஊர் எப்படி'ன்னா அஞ்சுக்கு அஞ்சு! அதெப்படி மேடம்? சிஸ்டமே சிவப்பு காட்டுது."

ஃப்ராடு என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் ஃபீல்டில் எந்தக் கம்பெனியும் அந்த ஆளை மறுபடி கூப்பிடாது. ஷம்பாவின் சம்பளத்தில்தான் அவள் அம்மாவும் மகளும் சாப்பிடுகிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏசி ரூம்ல இருந்துகிட்டுப் பேசாதீங்க சார். நேர்ல வந்து பேக்செக் பண்ணுங்க. பொய்னு தெரிஞ்சா நானே அவளை வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த கையோடு ஷம்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

2. பெஹாலாவில் பேக்செக்

பேக்செக் என்றால், பேட்டி எடுத்த வீட்டுக்கே வேறொருவர் போய், முக்கியமான கேள்விகளை மறுபடி கேட்பது. பேட்டி எடுத்தவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதனால், சேகர் சென்னையிலிருந்து வந்ததும், கொல்கத்தாவின் பெஹாலா பகுதிக்குப் போய் ஷம்பாவைத் தெருமுனை டீக்கடையிலேயே நிறுத்திவிட்டோம்.

"லலிதா-தி, நான் ஒரு மார்க்கூட சொந்தமா போடல" என்றாள். இங்கே "தி" என்றால் அக்கா. முகம் சுண்டிப்போயிருந்தது.

"தெரியும்டி. டீயைக் குடி."

சேகர் பொறுக்கி எடுத்த பெயர் பிஜய் பாபு; "பாபு" இங்கே நம்ம "சார்" மாதிரி. ரிட்டயர்டு காலேஜ் வாத்தியார், வீட்டில் தனியாக இருப்பவர். முந்தின நாள் மழையில் தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். சேகர் பேண்ட்டை மடித்துவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே போய் உட்கார்ந்து ரெக்கார்டிங்கை ஆன் பண்ணினார். அவர் தமிழில் கேட்க நான் வங்காளத்தில் சொன்னேன். வந்த பதிலைத் தமிழில் திருப்பினேன்.

"மழைத்தண்ணி வடியிற வசதி?"

"ஒண்ணு. பூஜ்யம் இருந்தா அதைப் போடுங்க."

"ரோடு?"

"ரோடா? நீங்க இப்ப நீந்தி வந்தீங்களே, அதையா சொல்றீங்க? ஒண்ணு."

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. "ரோடுக்கு ஒண்ணா? அநியாயம்! ரெண்டு போடு!" நிர்மல் பாபு. குரல் வந்த கையோடு ஆளும் லுங்கியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்துவிட்டார். மாடியிலிருந்து ஒரு மாஷிமா, வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், கிண்ணம் நிறையப் பொரியோடு இறங்கி வந்தார்.

சேகர் நெளிந்தார். "மேடம், அவர்கூடத் தனியா பேசணும்னு சொல்லுங்க."

சொன்னேன். பிஜய் பாபு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஊரைப் பத்தித்தானே கேக்குறீங்க? ஊர் இல்லாம நான் தனியா எப்படிச் சொல்றது?"

அவ்வளவுதான், அட்டா ஆரம்பித்துவிட்டது. நம்ம ஊர் அரட்டைதான். ஆனால் இங்கே அதைச் சாப்பாடு, தூக்கம் மாதிரி அன்றாடக் கடமையாகவே செய்வார்கள். ஊர் நல்லா இருக்க முதலில் வேண்டியது ரோடா, மருத்துவமா, மரமா? மாஷிமா மீன் மார்க்கெட் என்றார். கொஞ்ச நேரம் போனதும் நிர்மல் பாபு சேகர் பக்கம் திரும்பினார். "ஷேகர் பாபு, நீங்க சொல்லுங்க. உங்க சென்னையில மழை பெஞ்சா தண்ணி நிக்காதா?"

வந்ததே ரோஷம்! "எங்க ஏரியாவில நிக்காது! எங்க அபார்ட்மெண்ட்ல கரண்ட் போனா ஜெனரேட்டர், தண்ணி எந்நேரமும் வரும், லிஃப்ட்டுன்னா லிஃப்ட்டு!" வாய் நிறையப் பொரியோடு மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அவருக்கே அரைகுறை இங்கிலீஷும் சைகையும் வந்துவிட்டன. நான் சும்மா உட்கார்ந்து டீ குடித்தேன்.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவர் தொண்டை கட்டியிருந்தது. "மொத்தத்தில் உங்க ஊர்?"

"அஞ்சு" என்றார் பிஜய் பாபு.

"எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டீங்களே சார்! இதுக்கு மட்டும் எப்படி அஞ்சு?"

பிஜய் பாபு சிரிக்கவில்லை. "என் பையன் பெங்களூருக்கு வந்துடுன்னு கூப்பிடுறான். போய் இருந்து பார்த்தேன். நீங்க சொன்னதெல்லாம் அவன் வீட்டுலயும் இருக்கு. கதவைத் திறந்தா எதிர்ல இன்னொரு கதவு, அது திறக்கவே திறக்காது. இங்க ரோடு மோசம்னு நான் வீட்டுக்குள்ள உக்காந்து சொன்னா, இல்லன்னு சண்டை போட இவன் தண்ணியில இறங்கி வர்றான். அதுக்குத்தான் அஞ்சு."

"நான் நாலுதான் போடுவேன்" என்றார் நிர்மல் பாபு.

அதற்குள் மாஷிமா வெளியே போய் ஷம்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். "பொண்ணைத் தெருவுல நிக்க வெச்சுட்டு நீங்க உள்ள பொரி தின்னுறீங்களா?" விதிப்படி தப்புதான். யார் அவரிடம் விதி பேசுவது? ஷம்பா சேகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசலோடு நின்றாள்.

சேகர் ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்தார். ஒரே கூச்சல்.

"இதையும் ரிஜெக்ட் பண்ணிடலாமா சார்?" என்று கேட்டேன். "அதுலயும் ஒரு தமிழ்க் குரல்தான் ரொம்ப ஓவரா இருக்கு."

மனுஷன் சிரித்துவிட்டார். "சாரிம்மா. உன் பேட்டி எல்லாம் நிஜம்தான், அப்படியே எழுதிடுறேன்" என்றார் ஷம்பாவிடம். நான் அதை வங்காளத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. இந்த ஊரை எனக்கு அன்று எவ்வளவு பிடித்தது தெரியுமா!

3. மறுபடியும் ஒரு போன்

ப்ராஜெக்ட் முடிந்து வெகுநாள் கழித்து சேகர் கூப்பிட்டார். எந்தப் பேட்டியில் என்ன வில்லங்கமோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"மேடம், எங்க அபார்ட்மெண்ட்ல மோட்டார் ரிப்பேர். இன்னிக்குத் தண்ணி வரல."

"அதுக்கு எனக்கு ஏன் சார் போன்?"

"இல்ல மேடம், எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டி, உங்களுக்கு வருதான்னு கேட்டேன். அவர் பேரு முரளியாம். நான் குடிவந்த அதே மாசம்தான் அவரும் வந்தாராம். ரெண்டு பேரும் அசோசியேஷனை நல்லாத் திட்டினோம். உள்ள கூப்பிட்டு காபி குடுத்தார்."

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: மார்க்கை வாங்கியதும் டேப்லெட்டை மூடிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். ஏன் அந்த மார்க் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் நகர்ந்து இடம் கொடுங்கள்.